முதல் வகுப்பிலேயே பாதியில் இறங்கிவிட்டேன், திரும்பப் போகலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. கோவையில் பள்ளி ஆசிரியை. உயரம் 158 செ.மீ., எடை 78 கிலோ. ஐந்து வருடங்களாகச் சர்க்கரை இருக்கிறது; மெட்ஃபார்மினும் கிளிமெப்பிரைடும் சாப்பிடுகிறேன். வலது முழங்காலில் தேய்மானம் ஆரம்பித்திருக்கிறது என்று எலும்பு டாக்டர் சொன்னார். நடைப்பயிற்சி போனால் அரை மணி நேரத்துக்குள் வலி வந்துவிடுகிறது. சைக்கிள் மிதித்தால் மூட்டுக்கு நல்லது என்று சொல்லி, மகள் தான் போகும் ஜிம்மின் ஸ்பின் கிளாஸுக்கு, அதாவது நின்ற இடத்திலேயே இருக்கும் சைக்கிளில் எல்லோரும் சேர்ந்து பாட்டுக்கு மிதிக்கும் வகுப்புக்கு, அழைத்துப் போனாள். 45 நிமிட வகுப்பு. இருட்டு அறை, காதைப் பிளக்கும் பாட்டு. "எழுந்து நின்னு மிதிங்க, லோடு ஏத்துங்க" என்று மாஸ்டர் கத்திக்கொண்டே இருந்தார். 15 நிமிடத்தில் மூச்சு முட்டிவிட்டது. உட்காரும் இடம் வலித்தது, முழங்காலுக்கு முன்பக்கம் சுருக்கென்று பிடித்தது. எல்லோர் முன்னாலும் இறங்கி வெளியே வந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. மூன்று மாதப் பணம் கட்டியாகிவிட்டது. இந்த வயதில் எனக்கு இது சரிப்படுமா? வீட்டிலேயே ஒரு சைக்கிள் வாங்கிப் போட்டுவிடலாமே என்கிறார் கணவர்.

பிசியோதெரபிஸ்ட் பதில்:

அன்புள்ள சகோதரி, சரிப்படும். திரும்பப் போங்கள். ஆனால் அதற்கு முன் செய்யவேண்டியவை சில இருக்கின்றன; அவற்றை முடித்துவிட்டுப் போங்கள்.

முதலில் அந்த அவமானத்தைப் பேசிவிடுவோம். நீங்கள் 15 நிமிடத்தில் இறங்கியது மிகச் சரியான முடிவு. இப்படிச் சொல்வது ஆறுதலுக்காக அல்ல. பழக்கமே இல்லாத ஒருவர் முதல் நாளே பக்கத்து சைக்கிளோடு போட்டிபோட்டு 45 நிமிடமும் மிதித்தால், தொடைத் தசை நார்கள் அளவுக்கு மீறிச் சிதைந்துபோகலாம். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். ராப்டோமயோலிசிஸ் என்று இதற்குப் பெயர். முதல் ஸ்பின் வகுப்புக்குப் பிறகு இந்த நிலையோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. அரிதுதான். ஆனாலும் நல்ல ஆரோக்கியமான இளைஞர்களுக்கும் வந்திருக்கிறது. வகுப்பு முடிந்து ஒன்றிரண்டு நாள் தொடை வலிப்பது இயல்பு. தொடை வீங்கி, மாடிப்படி ஏறவே முடியாத அளவுக்கு வலித்து, சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால் அது இயல்பான வலி இல்லை. கஷாயம் குடித்துப் பார்ப்போம், நாளை பார்ப்போம் என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது இன்னும் ஆபத்து. அவற்றில் பல, ஏற்கெனவே திணறும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

உடம்பு போதும் என்று சொன்னதும் இறங்கினீர்கள். அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மாஸ்டர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜானி கோல்ட்பர்க் என்ற சைக்கிள் வீரர், 1980களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில், பந்தயங்களுக்குத் தான் தயாராவதற்காக வீட்டுக்குள் மிதிக்க ஒரு சைக்கிளை உருவாக்கினார். பாட்டு, ஏற்றம், வேகம், எழுந்து நின்று மிதிப்பது என்று இன்று நீங்கள் பார்க்கும் வகுப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். நெடுந்தூரப் பந்தயக்காரருக்காகப் பிறந்த பயிற்சி அது. மாஸ்டர் கொடுக்கும் கட்டளைகள் அறையிலேயே வலுவான ஒருவரை மனதில் வைத்துக் கொடுக்கப்படுபவை. இருபது பேர் ஒன்றாக மிதித்தாலும் எவ்வளவு சுமையில் (அதைத்தான் லோடு என்கிறார்கள்) மிதிக்கிறோம் என்பது அவரவர் கையருகே இருக்கும் குமிழில்தான் இருக்கிறது. அவர் "ஏத்துங்க" என்னும்போது நீங்கள் ஏற்றாமலிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சாலையில் கூட்டமாக ஓட்டினால் பின்தங்க நேரும். இங்கே பின்தங்க இடமே கிடையாது. உங்களைப் போன்றவர்களுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் அதுதான்.

இரண்டாவது காரணம் உங்கள் முழங்கால். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடை மூட்டின் மேல் இறங்குகிறது. சைக்கிளில் எடையின் பெரும்பகுதியைச் சீட்டு வாங்கிக்கொள்கிறது. மூட்டு அதிகச் சுமை இல்லாமல் மடங்கி நீள்கிறது, தொடைத் தசை வலுவாகிறது. தொடை வலுத்தால் தேய்ந்த மூட்டின் வேலை குறையும். ஆரம்பக் கட்டத் தேய்மானத்துக்குச் சைக்கிள் மிதிப்பதை நாங்கள் விரும்பிச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் அன்றைக்கு முழங்கால் ஏன் பிடித்தது? நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், முன்பக்க வலி, சீட்டு தாழ்வாக இருந்ததன் அறிகுறி. உங்களுக்கு முன்னால் மிதித்தவர் வைத்துவிட்டுப் போன உயரத்திலேயே ஏறி உட்கார்ந்திருப்பீர்கள். பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். சீட்டு தாழ்வாக இருந்தால் முழங்கால் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்குகிறது, முழங்கால் சில்லு தொடை எலும்போடு அழுந்துகிறது. அதோடு லோடும் ஏற்றினால் சொல்லவே வேண்டாம். மாறாக, சீட்டு மிக உயரமாக இருந்தால் முழங்காலுக்குப் பின்பக்கம் இழுக்கும், இடுப்பு இருபுறமும் ஆடும்.

அடுத்த முறை வகுப்பு தொடங்குவதற்குப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், மாஸ்டரையோ மகளையோ கூட வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். சைக்கிளின் பக்கத்தில் நின்று, சீட்டை உங்கள் இடுப்பெலும்பின் உயரத்துக்கு வையுங்கள். இது தோராயக் கணக்குதான். ஏறி உட்கார்ந்து, ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன் மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. இப்போது குதிகாலுக்குப் பதிலாகப் பாதத்தின் அகன்ற முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். 25 முதல் 35 டிகிரி மடக்கு இருந்தால் சரி. அடுத்து, சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவது. இதைப் பலர் தொடுவதே இல்லை. இரண்டு பெடல்களையும் தரைக்கு இணையாக ஒரே மட்டத்தில் நிறுத்துங்கள். முன்னால் இருக்கும் காலின் முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டால், அது பெடலின் நடு அச்சை ஒட்டி விழ வேண்டும். முழங்கால் அதைத் தாண்டி முன்னால் போனால் சீட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். ஹேண்டில்பார் சீட்டின் மட்டத்திலோ கொஞ்சம் மேலேயோ இருக்கட்டும். குனிந்து ஓட்டுவது பார்க்க வேகமாகத் தெரியும், ஆனால் புதியவர்களுக்குக் கழுத்திலும் இடுப்பிலும்தான் அதன் பலன் தெரியும். பல சைக்கிள்களில் தண்டில் எண்கள் போட்டிருக்கும். உங்கள் எண்களை செல்போனில் குறித்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் தடுமாற வேண்டாம்.

இவ்வளவு விரிவாக எழுதக் காரணம், முதல் மாதத்திலேயே இதை விட்டுவிட்டு முழங்கால் வலியோடு எங்களிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்குச் சீட்டைச் சரிசெய்வதைத் தவிர வேறு வைத்தியம் தேவைப்படுவதில்லை.

ஸ்பின் சைக்கிளின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்த் தெருச் சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் தானாக ஓடும், பெடல் நிற்கும். பெரும்பாலான ஸ்பின் சைக்கிள்களில் அப்படி இல்லை. முன்னாலிருக்கும் கனத்த சக்கரத்தோடு பெடல் பிணைந்திருக்கிறது. அந்தச் சக்கரமே 13 முதல் 20 கிலோ வரை இருக்கும். அது சுழலும்வரை பெடலும் சுழலும், உங்கள் காலையும் சேர்த்து இழுக்கும். வேகத்தில் காலைத் திடீரென்று எடுக்கப் பார்த்தால் பெடல் கெண்டைக்காலில் அடிக்கும். நிறுத்த வேண்டுமென்றால் லோடு குமிழைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பெரும்பாலான மாடல்களில் அதுதான் பிரேக். முதல் நாளே அதை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பழகுங்கள். லோடே இல்லாமல் கால் பறக்க மிதிப்பதும் தப்பு. சீட்டில் உடம்பு குதித்தால் லோடு போதவில்லை என்று அர்த்தம்.

துப்பட்டா வேண்டாம். தொளதொளவென்ற பேன்ட்டும் வேண்டாம். ஷூ லேஸின் முனைகளை உள்ளே செருகிவிடுங்கள். அடிப்பாகம் கொஞ்சம் கெட்டியான ஷூவாக இருந்தால் பாதம் வலிக்காது. சர்க்கரை இருப்பதால் வகுப்பு முடிந்ததும் ஷூவைக் கழற்றி, விரலிடுக்கிலும் பாதத்தின் அடியிலும் கொப்புளமோ சிவப்போ இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்கவைத்தது முழங்காலைவிட இதுதான். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு உடற்பயிற்சியில் சர்க்கரை அபாயகரமாக இறங்குவது அபூர்வம். கிளிமெப்பிரைடு அப்படியில்லை. அது கணையத்தை இன்சுலின் சுரக்கவைக்கும் மருந்து. தசையும் வேகமாகச் சர்க்கரையை இழுக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து அளவைத் தாழ்த்திவிடலாம். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், கண் இருட்டுவது எல்லாம் லோ சுகரின் அறிகுறிகள். ஸ்பின் வகுப்பிலோ இவையெல்லாம் நன்றாக உழைப்பதன் அடையாளங்களாகவே தோன்றும். "நல்லா வேர்க்குது, சூப்பர்" என்று மாஸ்டர் உற்சாகப்படுத்திக்கொண்டிருப்பார். அன்றைக்கு உங்களுக்கு மூச்சு முட்டியதில் இதற்கும் பங்கு இருந்ததா என்று இப்போது சொல்ல வழியில்லை. இனிமேல் தெரியாமல் இருக்கக் கூடாது.

ஆகவே, திரும்பப் போவதற்கு முன் உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பார்த்து, வாரத்தில் எந்த நாட்களில் எத்தனை மணிக்கு வகுப்பு என்பதைச் சொல்லி, மாத்திரையின் நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தமும் ஈ.சி.ஜி.யும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். ஐந்து வருடச் சர்க்கரை என்பதால் கண்ணின் விழித்திரைப் பரிசோதனையும் அவசியம்; அதில் முற்றிய பாதிப்பு இருந்தால் கடுமையான பயிற்சி விழித்திரையில் ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். காலில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

வகுப்பு நாளில் குளுக்கோமீட்டரைப் பையில் வையுங்கள். தொடங்கும் முன் பாருங்கள். 100க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழமோ ஓர் இட்லியோ சாப்பிட்டுக் கொஞ்சம் பொறுத்து ஏறுங்கள். 250க்கு மேலே இருந்து உடம்பும் சோர்வாக இருந்தால் அன்றைக்கு வகுப்பு வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். வெறும் வயிற்றில் காலை ஆறு மணி வகுப்பு உங்களுக்கு ஏற்றதல்ல. மிதிக்கும்போது சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது. பயிற்சிக்குப் பல மணி நேரம் கழித்து, இரவில்கூட, சர்க்கரை இறங்கலாம். ஆரம்ப நாட்களில் படுக்கும் முன்னும் ஒரு தடவை பாருங்கள். உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மாஸ்டருக்கும் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இதில் கூச்சம் வேண்டாம்.

எவ்வளவு கடினமாக மிதிப்பது? 220இலிருந்து வயதைக் கழித்து இதயத்துடிப்பின் உச்சத்தைக் கணக்கிடும் வழக்கம் ஜிம்களில் இருக்கிறது. உங்களுக்கு அது 173 வரும். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு சாதாரணமாக விலகும். அந்த எண்ணைத் துரத்த வேண்டாம். சும்மா உட்கார்ந்திருப்பது 0, இதற்கு மேல் முடியவே முடியாது என்பது 10 என்று வைத்துக்கொண்டால், முதல் இரண்டு வாரம் 4லிருந்து 5க்குள் இருங்கள். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் இருக்கும் மகளிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். இரண்டு வார்த்தையிலேயே திணறினால் குமிழைத் தளர்த்துங்கள்.

வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு. பதினைந்து விநாடியில் வலது முழங்கால் எத்தனை தடவை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 15 முதல் 20க்குள் வந்தால் நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று. இப்போதைக்கு உங்களுக்கு அது போதும். மற்றவர்கள் 100 போகட்டும்.

முதல் வாரம் இரண்டே நாள், நடுவில் இரண்டு நாள் இடைவெளி. கடைசி வரிசையில், கதவுக்கும் மின்விசிறிக்கும் பக்கத்துச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் மிதித்துவிட்டு ஐந்து நிமிடம் லோடைக் குறைத்து மெதுவாகச் சுற்றி இறங்கிவிடுங்கள். "இன்றைக்கு இருபது நிமிடம்தான்" என்று மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் இறங்கும்போது மனம் குறுகாது. இரண்டாவது வாரம் 25 நிமிடம். மூன்றாவது வாரம் மூன்று நாள். இப்படிப் போனால் ஆறு வாரத்தில் முழு வகுப்பும் உட்கார்ந்தபடியே முடிக்கலாம். நின்று மிதிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நின்று மிதிக்கும்போது, சீட்டு தாங்கிய எடை மூட்டுக்கே திரும்பிவிடுகிறது. முழங்காலில் எந்தத் தொந்தரவும் இல்லையென்றால் அரை நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். அடுத்த நாள் காலையிலும் முழங்கால் வலியோ வீக்கமோ இருந்தால் முந்தைய வாரத்தின் அளவுக்கு இறங்குங்கள். முடித்ததும் சட்டென்று குதித்து இறங்காதீர்கள். காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏற நேரமில்லாமல் தலை சுற்றும்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் வருவதுபோலத் தோன்றுவது எதுவாக இருந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாய்வு என்று நினைத்து வீட்டுக்குப் போகாதீர்கள்.

உட்காரும் இடத்து வலி எல்லோருக்கும் வருவது. சீட்டு ஒடுக்கமானது, உடம்பின் எடை இடுப்பின் அடியில் இருக்கும் இரண்டு எலும்புகளின் மேல் இறங்குகிறது. நான்கைந்து வகுப்புகளில் பழகிவிடும். பஞ்சு வைத்த சைக்கிள் ஷார்ட்ஸை லெக்கிங்ஸுக்குள் போட்டுக்கொள்ளலாம். உள்ளாடை இல்லாமல் போட்டால்தான் தையல் உராயாது. ஜெல் உறை வாங்குவதானால் சீட்டில் வழுக்காமல் இறுக்கமாக நிற்கிறதா என்று பாருங்கள். மரத்துப்போவது மட்டும் பழகவேண்டிய விஷயம் இல்லை. பிறப்புறுப்புப் பகுதியோ கைவிரல்களோ மரத்தால் மிதிப்பதை நிறுத்தி, சீட்டின் சாய்வையும் ஹேண்டில்பார் உயரத்தையும் மாற்றுங்கள்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். சைக்கிளின் திரை காட்டும் கலோரி வெறும் மதிப்பீடு. அதை நம்பி ஜிம் வாசலில் சர்க்கரை போட்ட ஜூஸ் குடித்தால் கணக்கு தலைகீழாகிவிடும். தண்ணீரோ மோரோ குடியுங்கள். எடை மெதுவாகத்தான் குறையும். அதற்கு முன்பே வேறு மாற்றங்கள் தெரியும்: பள்ளி மாடிப்படியில் மூச்சு வாங்குவது குறையும், சாப்பிட்ட பின் சர்க்கரை அளவு இறங்கும். இவற்றைக் குறித்துவையுங்கள். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பும், இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த இரண்டாவது பாதியைச் சைக்கிள் நிறைவேற்றாது. எடையைச் சீட்டு தாங்கிவிடுவதால் எலும்புக்கு அதில் வேலை குறைவு. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் எலும்பு வேகமாக வலுவிழக்கும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, லேசான டம்பெல் தூக்குவது என்று வாரம் இரு நாள் செய்யுங்கள். கட்டிய பணத்தில் அந்தக் கருவிகளும் அடக்கம்தானே.

கணவர் சொல்லும் யோசனை கெட்டதல்ல, ஆனால் இப்போதே வேண்டாம். வீட்டுக்கு வந்த சைக்கிளில் சீட்டைச் சரிசெய்ய யாரும் இல்லாமல், அதே தாழ்ந்த சீட்டில் அதே வலியோடு ஒரு மாதம் மிதித்துவிட்டு, துணி காயப்போடப் பயன்படுத்துகிறவர்கள் ஏராளம். கட்டிய மூன்று மாதத்தை முடியுங்கள். அதற்குள் உங்கள் சீட்டு எண், உங்களுக்கு ஏற்ற வேகம், எந்த நேரத்தில் சர்க்கரை எப்படி நடந்துகொள்கிறது எல்லாம் தெரிந்துவிடும். அதன் பிறகும் வாங்க வேண்டுமென்று தோன்றினால், சீட்டு மேலும் கீழும் மட்டுமல்லாமல் முன்னும் பின்னும் நகரும் மாடலாக, காந்த விசையில் இயங்கும் லோடு உள்ளதாகப் பாருங்கள். சத்தம் குறைவு, தேயும் பிரேக் கட்டையும் இல்லை. அது தாங்கும் எடை உங்கள் எடையைவிட நன்றாக அதிகமாக இருக்க வேண்டும். சின்னக் குழந்தைகள் வந்துபோகும் வீடென்றால் சக்கரமும் செயினும் முழுக்க மூடியிருக்கும் மாடலை மட்டும் வாங்குங்கள்.